வேறு பானைச் சோறு

முதுமலை தெப்பக்காட்டில் பொம்மனும் பெள்ளியும் வளர்த்த யானைக்குட்டி ரகுவைப் பற்றிய 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' 2023 மார்ச்சில் சிறந்த ஆவணக் குறும்படத்துக்கான ஆஸ்கரை வென்றது. வென்ற பிறகு காரணம் சொல்வது எளிது. நெட்ஃபிளிக்ஸ் படம், அதனால் நிறையப் பேர் பார்த்திருப்பார்கள் என்றார்கள். அதே பட்டியலில் இருந்த 'தி மார்த்தா மிட்செல் எஃபெக்ட்'டும் நெட்ஃபிளிக்ஸ் படம்தான். விலங்கு நடித்தால் மனசு இளகும் என்றார்கள். வால்ரஸ்கள் கூட்டம் கூட்டமாகக் கரையேறும் 'ஹால்அவுட்'டும் அந்த ஐந்தில் ஒன்று. இரண்டும் சேர்ந்த படம் இது ஒன்றுதானே என்று இன்னும் வாதாடலாம். ஐந்தே படங்கள் இருக்கும்போது, எதை எடுத்தாலும் மற்ற நான்கில் இல்லாத ஒரு சேர்க்கை அதில் அகப்படும். நடந்து முடிந்ததற்குக் கச்சிதமாகப் பொருந்தும் விளக்கம் அடுத்த ஆண்டுக்கு உதவாமல் போவது புள்ளியியலாளர்களுக்குப் பழகிய தலைவலி.

பெரிய விருதுகளின் கதை வேறு. ஆஸ்கருக்கு முந்தைய வாரங்களில் இயக்குநர், தயாரிப்பாளர், நடிகர் சங்கங்கள் தத்தம் விருதுகளை அறிவித்துவிடும். அந்தச் சங்கங்களின் உறுப்பினர்கள் பலர் ஆஸ்கர் அகாடமியிலும் வாக்காளர்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் பார்ப்பதுதான் இது. பானை ஏறக்குறைய ஒன்றே என்பதால் பதம் பெரும்பாலும் பொய்ப்பதில்லை. இயன் பார்டோ, டீன் சைமன்டன் என்ற இரு ஆய்வாளர்கள் 1938 முதலான முடிவுகளைக் கொண்டு ஒரு கணிப்பு முறையை உருவாக்கி 2008-இல் வெளியிட்டார்கள். சிறந்த படம், இயக்குநர், முதன்மை நடிகர், நடிகை ஆகிய நான்கு விருதுகளோடு அது நின்றுகொண்டது. குறும்படத்தின் பக்கம் அவர்கள் போகவில்லை. நல்ல புத்தி.

40 நிமிடத்துக்கு மிகாத இந்தப் படங்களுக்குப் பதம் பார்க்கத் தோதான சங்கம் எது? பிரிட்டனின் பாஃப்டா குறும்பட விருதுகள் பிரிட்டிஷ் படங்களுக்கு மட்டும். 'ஆன் ஐரிஷ் குட்பை' அதையும் ஆஸ்கரையும் ஒரே ஆண்டில் வென்றது உண்மை. ஆனால் மற்ற நாட்டுப் படங்களைப் பற்றி பாஃப்டா வாய் திறக்காது. திரைப்பட விழாக்களின் நடுவர் குழுவிலோ விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான். அது வேறு பானைச் சோறு. 2024-இல் கான் விழாவின் குறும்படத் தங்கப் பனையை வென்ற குரோஷியப் படம் 'தி மேன் ஹூ குட் நாட் ரிமெய்ன் சைலன்ட்', 2025 ஆஸ்கரில் 'ஐயம் நாட் எ ரோபாட்' என்ற டச்சு மொழிப் படத்திடம் தோற்றது.

1930-களில் இந்தத் தொல்லையே இல்லை. கார்ட்டூன் குறும்படத்துக்கான விருது தொடங்கிய முதல் எட்டு ஆண்டுகளும் வால்ட் டிஸ்னிக்கே போயின. கண்ணை மூடிக்கொண்டு டிஸ்னி என்று எழுதியிருக்கலாம்.

வாக்கு எண்ணும் முறையும் சேர்ந்து குழப்புகிறது. சிறந்த படத்துக்கு வாக்காளர்கள் படங்களை வரிசைப்படுத்த வேண்டும்; குறும்படத்துக்கு ஒரே தேர்வு, அதிக வாக்கு பெற்றது வெல்லும். வாக்குகள் ஐந்தாகச் சிதறினால் 21 சதவீதம்கூட வெற்றிக்குப் போதும். அப்படி நெருக்கமான போட்டியில் ஒரு சிலர் மனம் மாறினாலே முடிவும் மாறும். போதாக்குறைக்கு, ஒரு பிரிவின் எல்லாப் படங்களையும் பார்த்தவரே இறுதிச் சுற்றில் அந்தப் பிரிவுக்கு வாக்களிக்கலாம் என்று 2025-இல் அகாடமி விதி வகுத்தது. நல்ல விதிதான். கணிப்பவருக்கு மட்டும், பழைய முடிவுகளிலிருந்து கற்றது எவ்வளவு செல்லும் என்ற புதுச் சந்தேகம்.

மூன்று குறும்படப் பிரிவுகளையும் குருட்டாம்போக்கில் சரியாகச் சொல்ல 125-இல் ஒரு வாய்ப்புதான். ஆனாலும் அமெரிக்க அலுவலகங்களில் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு விளையாடும் ஆஸ்கர் பந்தயத்தை அடிக்கடி முடித்துவைப்பவை இவையே. நடிகர், நடிகை விருதுகளில் எல்லோரும் ஏறக்குறைய ஒரே பெயர்களைத்தானே எழுதுவார்கள்! பத்துப் பேர் ஆடுகிறார்கள், மற்றதெல்லாம் சமம், ஒரு குறும்படப் பிரிவு மட்டும் மிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெல்ல 40 சதவீத வாய்ப்புள்ள படத்தையே பத்துப் பேரும் எழுதினால், அது வென்றாலும் தோற்றாலும் பணம் பத்துப் பங்காகும். நீங்கள் மட்டும் 25 சதவீதமே வாய்ப்புள்ள படத்தை எழுதினால், உங்கள் கணிப்பு பொய்க்கும் ஆபத்து கூடுகிறது. ஆனால் முழுப் பணமும் உங்கள் கைக்கு வர நான்கில் ஒரு வாய்ப்பு. இன்னொருவரும் இதே கணக்கைப் போட்டு அதே படத்தை எழுதியிருந்தாலும் பாதகமில்லை. அந்த 25-இல் பாதி, பன்னிரண்டரை, பத்தைவிட அதிகம்தான்.