பரணில் கிடக்கும் வால்வு ரேடியோவைப் பாட வைப்பது எப்படி?

டிரான்சிஸ்டர் பரவும் முன் தமிழக வீடுகளில் பாடியவை வால்வு ரேடியோக்கள். பிலிப்ஸ், மர்ஃபி, புஷ் முதலிய பெயர்களில் மரப்பெட்டியோடு வந்த இவற்றை வைத்திருக்க, அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தயாரிக்க முடியும் என்று 1941-இல் அறிவித்தவர் கோவை ஜி.டி. நாயுடு, 1920-இல் பொள்ளாச்சி - பழனி தடத்தில் பஸ் ஓட்டித் தொழில் தொடங்கியவர். அந்தத் தடத்தை ஒட்டிய உடுமலை, கொமரலிங்கம் பக்கத்துப் பரண்களில் இப்படி ஒரு பெட்டி அகப்பட்டால், பெரும்பாலும் அதைச் சீராக்கிவிடலாம்.

காற்று நீக்கிய கண்ணாடிக் குழாயே வால்வு. உள்ளிருக்கும் இழை சூடேறியதும் கேத்தோடு எலெக்ட்ரான்களை உமிழும். சுமார் 250 வோல்ட் பெற்ற ஆனோடு அவற்றை இழுக்கும். இடையிலுள்ள கிரிட் அந்த ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கும்.

வால்வு எளிதில் கெடாது. முதலில் கெடுவது கண்டன்சர். எலெக்ட்ரோலிட்டிக் கண்டன்சருக்குள் அலுமினியத் தகட்டின் மேல் படிந்த மெல்லிய ஆக்சைடு படலம், பல ஆண்டுகள் மின்சாரம் பாயாவிட்டால் நலிந்துவிடும். அந்த நிலையில் நேராகப் பிளக்கில் செருகினால் மிகை மின்னோட்டம் பாய்ந்து டிரான்ஸ்பார்மரே கருகலாம். காகிதக் கண்டன்சரோ ஈரம் ஏறிக் கசியும். கசிவு கடைசி வால்வின் கிரிட்டை எட்டினால் வால்வு அளவுமீறிச் சூடாகும்.

ஆகவே வேலைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்ட வேண்டும். டயல் கண்ணாடியின் உட்புறத்தை ஈரத்துணியால் துடைத்தால் ஊர்ப்பெயர்கள் அழிந்துபோகும். பிறகு பழைய கண்டன்சர்களை அதே மதிப்பும், அதே அளவோ கூடுதலோ வோல்ட் தாங்குதிறனும் உள்ள புதியவற்றால் மாற்ற வேண்டும். மதிப்பு மாறிய ரெசிஸ்டர்களை மல்டிமீட்டரால் கண்டறியலாம். முதல்முறை மின்சாரம் கொடுக்கும்போது தொடரிணைப்பில் ஒரு குண்டு பல்பை இணைப்பது வழக்கம்; உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு ஒளியில் எரிந்து காட்டிக்கொடுக்கும். 455 கிலோஹெர்ட்ஸை ஒட்டி அமைந்த ஐ.எஃப். (இடைநிலை அதிர்வெண்) காயில்களின் திருகுகளைத் தக்க கருவி இல்லாமல் தொடக்கூடாது.

சீரான ரேடியோவில் மீடியம் வேவ் கேட்கலாம். கோவை வானொலியின் இடம் 999 கிலோஹெர்ட்ஸ்.

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சரில் உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும். சில ரேடியோக்களில் சேஸிஸ் எனும் உலோகச் சட்டத்திலேயே மின்சாரம் பாயும். பழக்கமில்லாதவர்கள் அனுபவமுள்ள மெக்கானிக் அருகில் இல்லாமல் பின்மூடியைக் கழற்ற வேண்டாம்.