யாரிடம் கேட்க வேண்டும் அனுமதி?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி பிறக்கும் விதத்தை நம்மில் பலர் அருகிருந்தே பார்த்திருக்கிறோம். கைமடி வேலைக்கு வந்த ஒருவர் ஓவர்லாக் பழகுகிறார். பின்னர் கட்டிங் கற்றுக்கொள்கிறார். ஆண்டுகள் சில கழிந்ததும், சீட்டு எடுத்த பணத்தைக் கொண்டு பழைய மிஷின்கள் நான்கை வாங்கி, வாடகைக் கொட்டகை ஒன்றில் போட்டு, ஜாப் ஒர்க் தொடங்கிவிடுகிறார். முதலாளி ஆவதற்குரிய தகுதிச் சான்றிதழை அவர் எவரிடமும் கேட்டு நிற்பதில்லை. முதல் மாதம் டேமேஜ் மிகுதியாக விழும், பார்த்தவர்கள் சிரிப்பார்கள். அதனால் மிஷின் நின்றுவிடுகிறதா? இல்லை.

இத்துணைத் துணிவு படைத்த ஊரில், ஒரு நோட்டுப் புத்தகத்தையும் பேனாவையும் எடுத்து வைத்தால் மட்டும் நமக்கு நடுக்கம் பிறப்பதேன்? “நாங்க என்னங்க எழுதறது? படிச்சவங்க எழுதட்டுங்க” என்று பின்வாங்குகிறோம். அவ்வாறு கூறுபவர் யாரென்று சற்று உற்றுப் பாருங்கள். காலை டீ வேளையில், முந்தின இரவு ஷிப்டில் நடந்ததைச் சொல்லத் தொடங்கினாரென்றால், கேட்பவர் டீயை ஆறவிட்டுவிட்டு நிற்பார்கள். எதை முதலில் சொல்வது, எதை மறைத்து வைப்பது, எந்த இடத்தில் குரலைத் தாழ்த்துவது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். கதைசொல்லிக்கு வேண்டிய கலை அவரிடம் முழுமையாக இருக்கிறது. ‘நான் கதைசொல்லி’ என்று தம்மைத் தாமே ஒப்புக்கொள்ளும் உரிமையைத்தான் அவர் தமக்கு வழங்கிக்கொள்ளவில்லை.

நம் பேச்சு எழுத்துக்கு உகந்ததன்று என்ற எண்ணம் இத்தயக்கத்திற்கு ஒரு காரணம். ஆனால் இந்த மண்ணிலேயே அந்த எண்ணத்தை மீறியவர் ஒருவர் உண்டு. தாராபுரம் பக்கத்துக் கீரனூரில் 1917-இல் பிறந்த ஆர். சண்முகசுந்தரம் அவர்கள், தமது இருபத்தைந்தாம் வயதளவில், 1942-இல், ‘நாகம்மாள்’ என்னும் நாவலை வெளியிட்டார். அரண்மனைக் கதையோ ஆங்கிலம் படித்தவர்களின் காதற்கதையோ அன்று அது. கணவனை இழந்த ஒரு குடியானவப் பெண், தனக்கும் தன் மகளுக்கும் உரிய நிலப்பங்கைக் கேட்கிறாள். கேட்டதன் விளைவு குடும்பத்தையே சிதைக்கிறது. அவ்வளவுதான் கதை. நம் கொங்கு நாட்டுக் காடுகளிலும் களங்களிலும் எந்நாளும் நடப்பது. அதை அந்த மக்கள் பேசும் பேச்சிலேயே அவர் எழுதினார். இன்று தமிழ் வட்டார நாவலின் வரலாற்றை எழுதுவோர் எவரும் ‘நாகம்மா’ளைக் குறிப்பிடாமல் செல்வதில்லை. வேற்று மொழி இலக்கியம் அறியாதவர் என்று அவரை யாரும் கருதிவிட வேண்டா. வங்க நாவல்கள் பலவற்றைத் தமிழாக்கியவரும் அவரே. ஏட்டுத் தமிழ் அவருக்குத் தெரியாமலில்லை. தம் ஊர்ப் பேச்சை அவர் விரும்பித் தேர்ந்துகொண்டார்.

மற்றொரு தயக்கம், நம் வாழ்வில் எழுதத்தக்க பொருள் என்ன இருக்கிறது என்பது. இதற்கு விடையாகத் திருப்பூர்க்காரரான சுப்ரபாரதிமணியன் அவர்களைக் காட்டலாம். தொலைபேசித் துறையில் பணியாற்றிக்கொண்டே எழுதிவந்தவர். ‘கனவு’ என்னும் சிற்றிதழையும் நடத்தியவர். சாயப்பட்டறைக் கழிவு நொய்யலில் கலப்பதை நாமெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்து சென்றோம். அவர் அதை ‘சாயத்திரை’ என்ற நாவலாக 1998-இல் எழுதினார். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டபோது ஊரே அதைப்பற்றிப் பேசிற்று. நாவலாசிரியரோ பதிமூன்று ஆண்டுகளுக்கு முன்பே பேசிவிட்டிருந்தார். பொருள் நம் வாசலிலேதான் ஓடிக்கொண்டிருந்தது, நாளொரு நிறமாக.

படிப்பில்லையே என்போருக்காகக் கோயம்புத்தூர் ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார் அவர்களின் கதையைச் சொல்ல விரும்புகிறோம். பள்ளிப் படிப்பை நிறுத்தி, ஊர் ஊராக வேலை தேடித் திரிந்த இளமையில், 1983-இல், ஆந்திரத்துக் குண்டூரில் செய்யாத திருட்டுக்காகக் காவல் நிலையத்தில் அடைக்கப்பட்டார். ஒப்புக்கொள்ளும்படி அடித்தார்கள். மொழியும் தெரியாத ஊர், கேட்க நாதியில்லை. அந்த நாட்களை அவர் எழுதிய நூல் ‘லாக்கப்’ 2006-இல் வெளிவந்தது. இடையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்துவிட்டன என்பதைக் கவனிக்க வேண்டும். வயிற்றுப்பாட்டுக்கு ஆட்டோ ஓட்டியவாறே அந்த நினைவை அவர் சுமந்திருக்கிறார். வெற்றிமாறன் அந்நூலை அடிப்படையாகக் கொண்டு ‘விசாரணை’ திரைப்படத்தை எடுக்க, 2015-இல் அது வெனிஸ் திரைப்பட விழா வரை சென்றது. திரைப்படம் வந்ததை ஒரு பக்கம் வைத்துவிடுவோம். அது எல்லோருக்கும் வாய்ப்பதன்று. ஒரு மனிதர் தமக்கு நேர்ந்ததைத் தம் வாயாலேயே சொல்லலாம் என்று தீர்மானித்தாரே, அதுவே நம்மை வியக்க வைக்கிறது. அந்தத் தீர்மானத்தை எந்தப் பல்கலைக்கழகமும் அவருக்கு எடுத்துக் கொடுக்கவில்லை.

நம் கத்தோலிக்கக் குடும்பங்களிலிருந்து வந்த ஒருவரையும் இங்கு நினைக்காமலிருக்க இயலாது. துறவற சபையில் சில ஆண்டுகள் வாழ்ந்து, பின் அதைவிட்டு வெளியேறிய பாமா அவர்கள், தலித் குடும்பத்தில் தாம் வளர்ந்த வாழ்வை ‘கருக்கு’ என்ற நூலாக 1992-இல் தந்தார். அதில் திருச்சபையை நோக்கிய கசப்பான கேள்விகளும் உண்டு. படித்து வருந்தியோரும் இருந்தனர், சிந்தித்தோரும் இருந்தனர். அவர் ஊராரே முதலில் சினந்தார்கள். ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு அது கிராஸ்வேர்ட் பரிசு பெற்றது பின்னால் நடந்தது.

வீட்டுக் கதையை வெளியில் சொல்லலாமா என்னும் அச்சம் இங்குதான் எழுகிறது. இதைச் சிறிய அச்சம் என்று நாம் தள்ளிவிடமாட்டோம். நமக்கு நேர்ந்த துன்பத்தைச் சொல்ல நமக்கு உரிமையுண்டு. பிறர் நம்மை நம்பிச் சொன்ன இரகசியத்தை விற்க உரிமையில்லை. இரண்டுக்கும் இடையே கோடு எங்கே விழுகிறது என்பதை எழுதுபவரே தம் மனச்சான்றைக் கேட்டு அறியவேண்டும். எழுதியதையெல்லாம் அச்சுக்கு அனுப்பித்தான் ஆகவேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. பெட்டிக்குள் இருக்கும் நோட்டும் எழுத்தேயாகும்.

இனி, நேரம். காலை எட்டரை மணிக்குக் கம்பெனிக்குள் நுழைந்து, ஆர்டர் அவசரம் என்றால் ஒன்றரை ஷிப்ட் பார்த்து, வீடு திரும்பி உலை வைக்கும் பெண்ணிடம் ‘எழுதுங்கள்’ என்று உபதேசிப்பது எளிது. அவருக்கு அரைமணி நேரம் யார் தருவது? கணவர் அன்றைக்குப் பாத்திரம் கழுவினால் கிடைக்கும். பிள்ளைகள் ‘அம்மா என்ன கவிதையா எழுதுது?’ என்று கேலி செய்யாதிருந்தால் கிடைக்கும். தனக்குத் தானே அனுமதி கொடுத்துக்கொள்வது என்பது தனியாளின் காரியம்தான். ஆயினும் அதை ஒரே சிரிப்பால் பறித்துவிடக் கூடியவர்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறோம். நம் இல்லங்களில் எத்தனை நோட்டுகள் அவ்வாறு மூடப்பட்டன என்று கணக்கெடுத்தவர் இல்லை.

எழுத வராதவர்கள் சொல்லட்டும். எழுதத் தெரிந்த பேரப்பிள்ளை எழுதிக்கொள்ளட்டும், அல்லது கைப்பேசியில் குரலைப் பதிவு செய்து வைக்கட்டும். 1984-இல் பஞ்சப்படி கேட்டு நம் ஊர்ப் பனியன் தொழிலாளர் 127 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதன் கோரிக்கைகள், பேச்சுவார்த்தைகள் ஆகியவை பற்றிய குறிப்புகள் ஏடுகளில் உண்டு. சனிக்கிழமைச் சம்பளம் நான்கு மாதங்கள் வராத வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது, எந்த நகை முதலில் அடகுக்குப் போயிற்று, கடைக்காரர் எத்தனை வாரம் கடன் கொடுத்தார் என்பதை அந்த வீட்டுப் பெண்களே அறிவார்கள். அன்று இளம் மனைவியராய் இருந்த அவர்களுக்கு இன்று எழுபது வயது ஆகிறது. வருகிற ஞாயிறு மதியம், சாப்பாடு முடிந்ததும், அருகில் அமர்ந்து கேட்டுப் பாருங்கள்.