வக்காலத்தில்லாத வக்கீல்

கள்ளிக்குப்பத்து அன்பரொருவர் நமக்கு வரைந்த நிருபத்தில், ஸர் ஆற்காடு ராமசாமி முதலியாரைத் தேசத் துரோகி என்பதா, தேசப் பிரதிநிதி என்பதா என்று வினவியிருக்கிறார். துரோகி என்னும் பட்டத்தை அவ்வளவு மலிவாக வழங்க நாம் சம்மதியோம். ஆயினும் கேள்வி நியாயமானதே.

1887-ல் கர்நூலில் பிறந்த முதலியார், ஜஸ்டிஸ் கட்சியின் நாவாகவும் பேனாவாகவும் விளங்கியவர். அக்கட்சிப் பத்திரிகையின் ஆசிரியராயிருந்து காங்கிரஸை அவர் சாடாத நாளில்லை. 1942-ல் சர்ச்சிலின் யுத்த மந்திரிசபையில் இந்தியாவின் பெயரால் அமர்த்தப்பட்டார். அவ்வாண்டு ஆகஸ்டு 9-ந் தேதி காந்தியடிகள் சிறைப்பட்டார். இந்தியாவின் பெயர் ஓரிடத்தில், இந்தியா வேறோரிடத்தில்!

1945 ஏப்ரலில் ஸான் பிரான்ஸிஸ்கோ மகாநாட்டுக்கு இந்தியத் தூதுகோஷ்டியின் தலைவராய்ச் சென்றவரும் அவரே. அப்பொழுதும் ஜவாஹர்லால் சிறையிலிருந்தார். அந்நகரிலேயே ஸ்ரீமதி விஜயலக்ஷ்மி பண்டிட், இக்கோஷ்டி இந்திய மக்களுடைய பிரதிநிதியன்று என்று பகிரங்கமாய் முழங்கினார். கட்சிக்காரன் கையெழுத்திடாத வக்காலத்து செல்லாதென்பது கோர்ட்டு வாசலை மிதித்தவர் எவரும் அறிந்தது. இங்கோ, கட்சிக்காரனைச் சிறையிலிட்ட எதிரியே அவனுக்கு வக்கீலும் ஏற்படுத்தினான்.

எனினும் அவ்வக்கீல் சோம்பியிருந்தாரில்லை. பொருளாதார, சமூக ஒத்துழைப்பைப் பற்றிய கமிட்டிக்கு அவர் அக்கிராசனம் வகித்தார். 1946 ஜனவரியில் லண்டனில் கூடிய ஐக்கிய நாடுகளின் பொருளாதார, சமூகக் கவுன்ஸில், 18 நாடுகள் கொண்டது, அவரையே முதல் தலைவராகத் தெரிந்தெடுத்தது. உலக சுகாதார ஸ்தாபனத்தை உருவாக்கிய மகாநாட்டைக் கூட்டியது இக்கவுன்ஸிலே. அதே மாதத்தில் பொதுச்சபையின் தலைவரானவர் பெல்ஜிய ராஜதந்திரி ஸ்பாக். இருவரும் கட்சி அரசியலில் தேர்ந்தவர்கள். சர்வதேச மேடையில் அமர்ந்தவர்கள். ஆனால் ஸ்பாக் தமது சுதந்திர நாட்டின் வெளிநாட்டு மந்திரி. முதலியாரை அனுப்பியதோ அந்நிய ஸர்க்கார். திறமையில் குறைவில்லாதவர் உரிமையில் குறைந்து நின்றார். அக்குறை அவருடையது மட்டுமன்று, நம் தேசத்தினுடையது.

மைசூர் திவானாயிருந்தபொழுது, 1947-ல், பொறுப்பாட்சி கோரிய காங்கிரஸ்காரர்கள் சிறை புகுந்ததையும் மறப்பதற்கில்லை. அவரை மன்னிக்க நமக்குக் காரணங்கள் குறைவு.

ஆனால் ஜவாஹர்லால் பழங்கணக்குப் பார்க்கவில்லை. 1948 செப்டம்பரில் ஹைதராபாத் விவகாரம் பாரிஸில் பாதுகாப்புக் கவுன்ஸில் முன் வந்தபொழுது, சுதந்திர இந்தியாவின் சார்பில் வாதாட முதலியாரையே அனுப்பினார். ஹைதராபாத் ஒரு தனி ராஜ்யமன்று, ஆகவே வழக்குத் தொடுக்க அதற்குப் பாத்தியதையே இல்லை என்று அவர் ஆட்சேபம் கிளப்பினார். பிறர் பாத்தியதையை அவர் கேள்வி கேட்டது இம்முறைதான். மூன்றாண்டுகளுக்கு முன் அக்கேள்வி அவரை நோக்கி எழுந்தது. இம்முறை அவர் கையிலிருந்த வக்காலத்தில் கட்சிக்காரனின் கையெழுத்து இருந்தது.