பாலத்தைத் துளைக்காமல் உப்பை அளக்கும் நியூட்ரான்

பனிச்சாலையில் வண்டி வழுக்காமல் ஓட, ஜப்பானில் ஒருகாலத்தில் ஆணி பதித்த டயர்களைப் பயன்படுத்தினார்கள். அவை சாலையைச் சுரண்டிக் கிளப்பிய தூசு தாங்கமுடியாமல் போகவே 1990-இல் தடைச் சட்டம் வந்தது. தூசு அடங்கியது, பனியைக் கரைக்கச் சாலையில் உப்புக் கொட்டுவது பெருகியது. அந்த உப்புநீர் பாலங்களின் கான்கிரீட்டுக்குள் இறங்குகிறது. கடலோரப் பாலங்களுக்கு உப்புக்காற்று வேறு.

சிமெண்டின் காரத்தன்மையால் உள்ளிருக்கும் கம்பிமேல் மெல்லிய காப்புப் படலம் இருக்கும். உப்பிலுள்ள குளோரைடு அளவுமீறிச் சேர்ந்தால் அந்தப் படலம் உடைந்து கம்பி துருப்பிடிக்கும். துருவுக்கு இரும்பைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் இடம் வேண்டும். கான்கிரீட் வெடித்துப் பாளமாகப் பெயரும். விரிசல் வெளியே தெரிவதற்குள் கம்பி இளைத்துவிடுகிறது.

ஒரு கனமீட்டர் கான்கிரீட் சுமார் 2,300 கிலோ எடை. அதில் 1.2 கிலோ குளோரைடு சேர்ந்தாலே ஆபத்து என்று ஜப்பானியப் பொறியாளர்கள் நெடுங்காலம் கணக்கு வைத்திருந்தார்கள். குளோரைடு எவ்வளவு என்று கண்டுபிடிக்க வழக்கமான வழி, பாலத்தைத் துளைத்து உருளைத் துண்டை எடுத்து, பொடியாக்கி, ஆய்வகத்தில் சோதிப்பது. துளைத்த இடத்தை அடைக்க வேண்டும். அதே இடத்தை மறுபடி அளக்கவும் முடியாது.

துளைக்காமல் அளக்க நியூட்ரான் உதவுகிறது. அதற்கு மின்னூட்டம் இல்லை. கான்கிரீட்டுக்குள் எளிதாக நுழையும். ஈரத்திலுள்ள ஹைட்ரஜனோடு மோதி வேகம் குறைந்ததும் அதைக் குளோரின் அணுக்கரு விழுங்கிக்கொள்கிறது. சிலிக்கான், கால்சியத்தைவிட குளோரினுக்கு இதில் பல மடங்கு பசி. விழுங்கிய உடனே, தனக்கே உரிய ஆற்றல்களில் காமா கதிர்களை உமிழும். அவற்றை எண்ணினால் உப்பின் அளவு தெரியும்.

எனக்கு வியப்பூட்டுவது ஆழத்தைக் கணிக்கும் விதம். குளோரின் உமிழும் கதிர்களில் சுமார் 1.2 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் கதிர் வழியில் வெகுவாக மங்கும், 6.1 மில்லியன் கதிர் அவ்வளவு மங்காது. உப்பு ஆழத்தில் இருக்க இருக்க இரண்டுக்கும் உள்ள விகிதம் மாறும். உப்பு மேற்பரப்பிலேயே நிற்கிறதா, கம்பியை எட்டிவிட்டதா என்பதுதானே முக்கியம்!

சைத்தாமா மாகாணத்தின் வாக்கோவிலுள்ள ரிக்கென் ஆய்வு நிறுவனத்தில் யோஷியே ஓதாகே குழுவினர் இதில் முன்னோடிகள். முதலில் சிறிய முடுக்கியால் நியூட்ரான் தயாரித்தார்கள். பாலத்தடிக்கே எடுத்துச் செல்ல, கலிஃபோர்னியம்-252 பொருத்திய ‘ரான்ஸ்-மியூ’ வந்தது. அந்தக் கதிரியக்கப் பொருளின் ஒரு மைக்ரோகிராம், நொடிக்குச் சுமார் 23 லட்சம் நியூட்ரான்களை வீசும்.

குறைகளும் உண்டு. கதிரியக்கப் பொருள் என்பதால் பாதுகாப்பு விதிகள் கடுமை, சுமார் 2.6 ஆண்டில் அதன் வீரியம் பாதியாகிவிடும். கம்பி எவ்வளவு அரித்திருக்கிறது என்றும் இது சொல்லாது. பாலங்களை ஐந்தாண்டுக்கு ஒருமுறை நெருங்கிப் பார்த்தாக வேண்டும் என்று ஜப்பான் 2014-இல் விதித்தது. கண்ணால் பார்த்தால் உப்பு தெரியாது. விரிசல் விடாத பாலங்களில்தான் இந்தக் கருவிக்கு உண்மையான வேலை.