குத்துன்னா இப்படிக் குத்தணும்!

காலேஜ் கல்ச்சுரல்ஸ். ஆடிட்டோரியம் ஹவுஸ்ஃபுல். நீங்க ராப்பகலா உட்கார்ந்து லேப்டாப்பில் உருவாக்கின டிராக் ஸ்பீக்கரில் ஓடுது. மெலடி ஓகே, வாய்ஸ் டபுள் ஓகே. ஆனா, கூட்டத்துல ஒரு காலு கூட ஆடலை! ஹெட்போனில் 'தொம் தொம்'னு இடிச்ச கிக் டிரம், இங்கே தலையணையைத் தட்டுற மாதிரி 'பொஃப்... பொஃப்'னு கேட்குது. உடனே என்ன பண்ணுவோம்? கிக்கோட வால்யூமை ஏத்துவோம். மொத்தப் பாட்டும் கரகரன்னு கிழியும். ஜூனியர் பசங்க நைஸா கேன்டீன் பக்கம் நழுவுவாங்க.

மேட்டர் என்னன்னா, கிக்கோட குத்து அதோட முதல் சில மில்லி செகண்டில்தான் இருக்கு. அங்கே கோட்டை விட்டுட்டு வால்யூமைத் திருகினா, பெரிய சைஸ் தலையணைதான் கிடைக்கும்.

கொஞ்சம் ஃபர்ஸ்ட் இயர் ஃபிஸிக்ஸ். பயப்படாதீங்க, இன்டர்னல் மார்க் கிடையாது. கிக்கோட அடிநாதம் பெரும்பாலும் 50, 60 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும். நம்ம வீட்டுக்கு வர்ற கரண்ட்டும் அதே 50 ஹெர்ட்ஸ்தான். அதில் ஒரு முழு அலை முடியவே 20 மில்லி செகண்ட் ஆகும். அதாவது, முதல் 10 மில்லி செகண்டில் பாதி அலைதான் வந்து சேர்ந்திருக்கும். 'அடி விழுந்துடுச்சு'ன்னு காதுக்கு அதை வெச்சுத் தெரியவே தெரியாது. அந்தத் தகவலைச் சொல்றது, கூடவே வர்ற 'டக்'. இது 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே, மரக்கட்டையில் விரலால சுண்டின மாதிரி ஒரு சின்னச் சத்தம். 'டக்' முன்னாடி, 'ஊம்' பின்னாடி. ரெண்டும் சேர்ந்தாதான் 'தொம்'!

இதைக் காதால் கண்டுபிடிச்சவங்களில் ஒருத்தருக்கு அப்போ வயசு 20. ஆமா, நம்ம செட்! பேரு ஜெஃப் எமரிக். 1966-ல் லண்டன் இ.எம்.ஐ. ஸ்டுடியோவில் பீட்டில்ஸ் குழுவோட 'ரிவால்வர்' ஆல்பத்துக்கு சவுண்ட் இன்ஜினீயர். பேஸ் டிரம்முக்கு ரெண்டு அடி தள்ளித்தான் மைக் வைக்கணும்னு அந்த ஸ்டுடியோவில் ரூல். நெருக்கமா வெச்சா காத்து மோதி மைக் கெட்டுடும்னு பெருசுங்களுக்கு பயம். நம்ம ஆளு மைக்கைச் சில அங்குலம் வரைக்கும் தள்ளிட்டுப் போயிட்டார். போதாக்குறைக்கு டிரம்முக்குள்ளே ஒரு கம்பளி ஸ்வெட்டரைத் திணிச்சார். மைக் கிட்டே போனதும் தோலில் கட்டை மோதுற 'டக்' பளிச்னு கிடைச்சுது. ஸ்வெட்டர், தோல் தேவையில்லாம அதிர்ந்துக்கிட்டே இருக்கிறதை அமுக்கி, சத்தத்தைச் சுருக்கிடுச்சு. 'டுமோரோ நெவர் நோஸ்' பாட்டைக் கேளுங்க... ரிங்கோ ஸ்டாரோட டிரம்ஸ் நெஞ்சுக்கு நேரா நின்னு அடிக்கும். (நிர்வாகம் அப்புறமா இதுக்கு அனுமதிக் கடிதமே கொடுத்துச்சு. ஆனா, பீட்டில்ஸ் ரெக்கார்டிங்குக்கு மட்டும்தானாம்! நம்ம ஹாஸ்டல் வார்டனே தேவலை.)

சரி, நம்மகிட்ட டிரம்மும் இல்லை, ஸ்வெட்டரும் இல்லை. கவலையே வேணாம். ஜப்பானோட ரோலண்ட் கம்பெனி 1980-ல் டி.ஆர்-808, 1983-ல் டி.ஆர்-909னு ரெண்டு டிரம் மெஷினைக் கொண்டுவந்துச்சு. ரெண்டுமே அப்போ பெருசா போணியாகலை. செகண்ட் ஹேண்டில் சல்லிசா கிடைச்சதை சிகாகோ, டெட்ராய்ட் பசங்க தூக்கிட்டுப் போய் ஹவுஸ், டெக்னோன்னு புது ஏரியாவையே உருவாக்கினாங்க. 808-ன் கிக், மெத்துன்னு நீளமா இழுக்கும். 909-ன் கிக், பளார்னு அறையும். ரெண்டுக்குள்ளேயும் இருக்கிறது எலெக்ட்ரானிக் சர்க்யூட்தான். தோலும் இல்லை, கட்டையும் இல்லை. அப்புறம் ஏன் ஒண்ணு மட்டும் அறையுது?

முக்கியமான காரணம், சுருதிச் சறுக்கல். நிஜ டிரம்மில் ஓங்கி அடிச்சதும் தோல் இழுபட்டு இறுகும், சுருதி மேலே ஏறும். அடுத்த நொடியே தளர்ந்து கீழே இறங்கும். தபேலாவில் இடது கை மணிக்கட்டை அழுத்தி 'கூம்'னு சுருதியை வளைப்பாங்களே, கிட்டத்தட்ட அதே வேலை. ஆனா கண் இமைக்கிறதுக்குள்ளே முடிஞ்சுடும். இந்தச் சறுக்கலை 909 சர்க்யூட்டிலேயே அழுத்தமா கொண்டுவந்தாங்க. காது இதைத் தனி சுருதியா கேட்காது, அடியாத்தான் எடுத்துக்கும்.

நீங்களே இன்னிக்கு ராத்திரி செஞ்சு பார்க்கலாம். எல்.எம்.எம்.எஸ்.னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு. அதில் 'கிக்கர்'னே ஒரு கருவி உண்டு. ஆரம்ப ஃப்ரீக்வன்சியை 250-ல் வைங்க, முடிவை 50-ல். மொத்த நீளம் கால் செகண்ட் போதும். இப்போ சறுக்கலோட வேகத்தை மட்டும் மாத்திக்கிட்டே கேளுங்க. மெதுவா இறங்கினா 'டியூம்'னு வீடியோ கேம் துப்பாக்கி. ரொம்ப வேகமா இறங்கினா வெறும் 'டிக்'. நடுவுல, 40 மில்லி செகண்ட் பக்கத்துல ஒரு இடத்தில் திடீர்னு நெஞ்சில் குத்தும் பாருங்க... அதான்! கூடவே 'கிளிக்' குமிழைக் கொஞ்சூண்டு ஏத்துங்க. கொஞ்சூண்டுதான். இல்லேன்னா டைப்ரைட்டர் ஆயிடும்.

அடுத்து கம்ப்ரஸர். 'போட்டாலே பன்ச் வந்துரும்'னு ஹாஸ்டலுக்கு ஹாஸ்டல் ஒரு மூடநம்பிக்கை உலாவுது. அதில் 'அட்டாக்'னு ஒரு குமிழ் இருக்கும். அதை 1 மில்லி செகண்டில் வெச்சா, நாம பாடுபட்டுச் செதுக்கின 'டக்'கை முதல் வேலையா அமுக்கித் தள்ளிடும். 20, 30-ல் வைங்க. 'டக்' தப்பிச்சு வெளியே வந்த பிறகு, பின்னாடி வர்ற 'ஊம்' மட்டும் அமுங்கும். வித்தியாசம் கூடும், குத்து கூடும். ஈக்யூவில் பெருசா நோண்ட வேணாம். 300 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் குறைச்சா அட்டைப்பெட்டி வாசனை போயிடும். அவ்ளோதான்.

ரெண்டு கிக் சாம்பிளை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கினா டபுள் பலம்னு நினைப்பீங்க. ஒண்ணோட அலை மேலே போறப்ப இன்னொண்ணு கீழே போனா, கழிச்சுக்கிட்டு ரெண்டும் காலி! ஒரு சாம்பிளோட அலையைத் தலைகீழாப் புரட்டிப் பாருங்க, எது கனமா கேட்குதோ அதை வெச்சுக்குங்க. பேஸ் கிட்டாருக்கும் இதே கிக்குக்கும் எப்பவுமே பங்காளிச் சண்டை, ரெண்டும் ஒரே ஏரியாவில் குடியிருக்கு. கிக் அடிக்கிற நேரத்தில் மட்டும் பேஸ் தானா தணிஞ்சு வழிவிடுற மாதிரி செய்யலாம். அதுக்குப் பேரு சைடுசெயின்.

செல்போன் ஸ்பீக்கர் விஷயம்தான் சுவாரஸ்யம். அந்தக் குட்டி ஸ்பீக்கரால் 50 ஹெர்ட்ஸைச் சொல்லிக்கொள்ற மாதிரி எழுப்பவே முடியாது. ஆனா கிக்கில் லேசா டிஸ்டார்ஷன் சேர்த்தா 100, 150, 200னு அதோட மடங்குகள் பிறக்கும். மேலே இருக்கிற மடங்குகளை மட்டும் கேட்டாலும் மூளை, 'அடியில் 50 இருக்கணுமே'ன்னு தானே நிரப்பிக்கும். இல்லாத பேஸை உங்க ஃப்ரெண்ட் கேட்டு ரசிப்பான்!

கடைசியா லிமிட்டர். பாட்டை முடிச்சதும் சத்தமா இருக்கணும்னு அதைப் போட்டு நசுக்குறோம். முதல்ல நசுங்குறது கிக்கோட தலைதான். அப்படியும் பிரயோஜனம் இல்லை. யூடியூப், ஸ்பாட்டிஃபை எல்லாம் அதிகச் சத்தமான பாட்டைத் தானாவே இறக்கிடும். அப்புறம் உங்க பாட்டுல சத்தமும் இருக்காது, குத்தும் இருக்காது.

ஒண்ணு சொல்ல விட்டுப்போச்சு. 50 ஹெர்ட்ஸ் அலையோட நீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர். நம்ம ஹாஸ்டல் ரூம் அதில் பாதிகூட இருக்காது. அதனால ரூம் நடுவுல உட்கார்ந்தா பேஸ் காணாமப் போகும், மூலைக்குப் போனா வீங்கிப்போய்க் கேட்கும். டிராக்கை ஃபைனல் பண்றதுக்கு முன்னாடி எழுந்து ரூமை ஒரு சுத்து சுத்தி வாங்க, ஹெட்போனிலும் செல்போனிலும் ஒருமுறை போட்டுப் பாருங்க. ரூம் மேட் தூங்கிட்டு இருந்தா... மூலைப் பக்கம் அவன் தலை இல்லாம பார்த்துக்கங்க!