தப்பு நடக்கும் முன்னே தொழில் கற்றுக்கொடுப்போம்



"பையன் படிப்பை நிறுத்திட்டான். மெட்ராஸுல சித்தப்பாகூட கட்டட வேலைக்குப் போறான்." இந்தப் பேச்சு வராத குழுக் கூட்டம் உண்டா? பட்டணத்துக் குடிசைப் பகுதியில் இருக்கும் நம்ம சொந்தக்காரர் வீடுகளிலும் இதே கதைதான். கல்லும் மண்ணும் சுமக்கிற பிள்ளைக்குக் கூலி கிடைக்கும். தொழில் கிடைக்குமா?

நம்ம செங்கல்பட்டில் இதற்கு ஒரு பழைய பாடம் இருக்கிறது. வெள்ளைக்காரர் காலத்தில், 1876-ல் ஒரு சட்டம் வந்தது. குற்றத்தில் சிக்கிய சிறுவர்களைப் பெரியவர்களோடு சிறையில் அடைக்காமல், தனியாக வைத்துக் கைத்தொழில் கற்றுக்கொடுக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். அதன்படி 1887-ல் செங்கல்பட்டில் சீர்திருத்தப் பள்ளி வந்தது. இன்றைய அரசு சிறப்பு இல்லம் அதன் வழியில் வந்ததுதான். இப்படிப்பட்ட இல்லங்களில் படிப்பு, தொழில்பயிற்சி, வாழ்க்கைத்திறன் மூன்றும் தரவேண்டும் என்று 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டமும் சொல்கிறது.

கையில் தொழில் இருந்தால் பிள்ளை நல்ல வழிக்கு வருவான் என்பது அப்பவே தெரிந்திருக்கிறது. ஆனால் மாட்டிக்கொண்ட பிறகுதான் கற்றுத்தரணுமா?

வேறு வழி இருக்கிறது. ஐ.டி.ஐ. என்கிற தொழிற்பயிற்சி நிலையங்களில் கொத்தனார், பிளம்பர், வெல்டர் பயிற்சி ஒரு வருஷம். வயர்மேன் இரண்டு வருஷம். இவற்றுக்கு எட்டாம் வகுப்பு தேறியிருந்தால் போதும். எந்த ஊரில் எந்தப் பிரிவு உண்டு என்று நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். சிற்பத்தில் ஆசை உள்ள பிள்ளைக்கு மாமல்லபுரத்தில் 1957-ல் தொடங்கிய அரசு கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரி இருக்கிறது.

பயிற்சியில் என்ன லாபம்? சித்தாள் சொன்னபடி கலவை போடுவார். பயிற்சி பெற்றவருக்குக் காரணம் தெரியும். செங்கல் சுவருக்கு ஒரு பங்கு சிமெண்டுக்கு ஆறு பங்கு மணல் ஏன், கட்டியபின் ஏழு நாளாவது தண்ணீர் விடுவது ஏன், தூக்குகுண்டும் ரசமட்டமும் எப்படிப் பிடிப்பது, வரைபடம் எப்படிப் பார்ப்பது, எல்லாம் தெரியும். தெரிந்தவரைத்தான் மேஸ்திரி பக்கத்தில் நிறுத்திக்கொள்வார்.

கைவேலை மட்டும் போதாது. சனிக்கிழமை வாங்கிய கூலி ஞாயிற்றுக்கிழமை கரையாமல் வங்கியில் போடணும். குடிக்கக் கூப்பிட்டால் மறுக்கணும். "பெல்ட் இல்லாம சாரத்துல ஏறமாட்டேன்" என்று தைரியமாகச் சொல்லணும். வாழ்க்கைத்திறன் என்பது இதுதான்.

பெண் பிள்ளைகளையும் சேர்க்கலாம். நம்ம அம்மாக்கள் காலமெல்லாம் சித்தாளாகவே இருந்தார்கள். அவர்கள் கையில் கரணையை யார் கொடுத்தார்கள்?

வயதையும் கவனியுங்கள். 14 வயது ஆகாத பிள்ளையை வேலைக்கு வைப்பது குற்றம். 18 ஆகும்வரை ஆபத்தான வேலையில் விடக்கூடாது. 18 முடிந்து கட்டட வேலைக்குப் போனால், முதல் வேலையாகக் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிவு செய்யுங்கள்.

அடுத்த கூட்டத்தில் ஒரு கணக்கு எடுப்போம். நம்ம குழு வீடுகளிலும், பட்டணத்து உறவுகளிலும் படிப்பை நிறுத்திய பிள்ளைகள் எத்தனை பேர்? பெயர், வயது, படித்த வகுப்பு என்று தீர்மான நோட்டில் எழுதுங்கள். சேர்க்கை நேரத்தில் இரண்டு உறுப்பினர்கள் அந்தப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் விண்ணப்பம் போடட்டும்.

கடனை வசூலிப்பதில் காட்டும் அக்கறையை இதிலும் காட்டுவோம், சகோதரிகளே!