கோட்டை மறைந்தது, கல்லறை நிற்கிறது: பழவேற்காட்டுக்கு ஒருநாள் சுற்றுலா

கோட்டை பார்க்க ராஜஸ்தான்தான் போகணுமா என்ன? சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் ஏறி, பொன்னேரியில் இறங்குங்கள். அங்கிருந்து பேருந்தில் பழவேற்காடு.

1613-ல் டச்சுக்காரர்கள் இங்கே ஜெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கடற்கரையில் அவர்களுடைய தலைமையிடம் இதுதான். நம் நெசவாளர்களின் துணியைக் கிழக்கே இந்தோனேசியத் தீவுகளில் கொடுத்து, கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கினார்கள். துணியோடு, அடிமைகளாக விற்கப்பட்ட மனிதர்களையும் கப்பலேற்றினார்கள்.

பின்னாளில் ஆங்கிலேயர்கள் கோட்டையை இடித்துவிட்டார்கள். இப்போது மிச்சம் புதர் மண்டிய மேடுதான். ஆனால், தொல்லியல் துறை பாதுகாக்கும் டச்சுக் கல்லறைத் தோட்டத்தைத் தவறவிடாதீர்கள். நுழைவாயிலின் இருபக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கும். பிள்ளைகள் முதலில் பயப்படுவார்கள், அப்புறம் நகரவே மாட்டார்கள்! உள்ளே, குலச்சின்னங்களும் டச்சு எழுத்துகளும் பொறித்த கற்கள்.

காலையிலேயே போனால் வெயிலுக்கு முன் பார்த்துவிடலாம். பனிக்காலம் என்றால் ஏரியில் பூநாரைகளும் இருக்கும்.

கிளம்பும் முன் பிள்ளைகளிடம் ஒன்று சொல்லுங்கள்: வியாபாரம் செய்தவர்களுக்கு இங்கே கல்லறை இருக்கிறது, விற்கப்பட்டவர்களுக்கு இல்லை.